இதய, நுரையீரல் மாதிரி: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நான்காம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்காக, சுங்கை சிப்புட்டில் உள்ள எழுதுபொருள் கடை ஒன்றில் 68 ரிங்கிட் கொடுத்து இந்த மாதிரியை வாங்கினேன். நெகிழியால் ஆனது, ஒரு பெட்டிக்குள் நுரையீரல் கூடும் இதயமும் தனித்தனியாக இருக்கின்றன.

நுரையீரல் கூடு மிக நன்றாக அமைந்திருக்கிறது. ஒளிபுகும் கூட்டுக்குள் இரண்டு பலூன்கள் தொங்குகின்றன. அடிப்பக்கத்தை ரப்பர் தாள் மூடியிருக்கிறது. தாளைக் கீழே இழுத்தால் உள்ளே இடம் கூடி அழுத்தம் குறைகிறது; வெளிக்காற்று புகுந்து பலூன்கள் உப்புகின்றன. நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை இல்லை, நுரையீரலுக்கு அடியிலுள்ள தசைத்தாளான உதரவிதானம் தாழ்வதாலும் விலா எலும்புகள் உயர்வதாலுமே காற்று உள்ளே வருகிறது என்று நான் பலமுறை சொல்லியும் விளங்காத மகளுக்கு, ஒரே இழுப்பில் விளங்கிவிட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவும் அந்த ரப்பர் தாளை ஆசையோடு இழுத்துப் பார்த்தார். ஆனால் பலூனைப் பார்க்கும் பிள்ளை நுரையீரலை வெற்றுப் பை என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அதனுள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன என்பதையும், அவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே உயிர்வளி இரத்தத்துக்குள் சென்று கரிவளி வெளியேறுகிறது என்பதையும் பெற்றோர்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதயத்தைத் திறந்தால் நான்கு அறைகளும் தெளிவாகத் தெரிகின்றன. இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைவிடத் தடிப்பாக இருப்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. வலது கீழறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தை அனுப்ப, இடது கீழறையோ கால்விரல் வரை தள்ளியாக வேண்டும். உடன் வரும் ரப்பர் குமிழை அழுத்தினால் வண்ணநீர் குழாய்களில் ஓடுகிறது. அடைப்பிதழ்கள் அதைத் திரும்ப விடுவதில்லை. ஓய்வில் இருக்கும் பெரியவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அந்த வேகத்தில் ஒரு நிமிடம் குமிழை அழுத்திய மகளின் கை ஓய்ந்துவிட்டது.

பெருங்குறை ஒன்றுண்டு: நுரையீரல் தமனிக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாயே தமனி. அதில் உயிர்வளி மிகுந்த இரத்தந்தான் ஓட வேண்டும் என்பதில்லை. நுரையீரல் தமனியில் ஓடுவது உயிர்வளி குறைந்த இரத்தம் ஆதலால், பாடப்படங்களில் அதை நீலமாகவே காட்டுவார்கள். (அந்த இரத்தமும் கருஞ்சிவப்புதான், நீலம் ஓர் அடையாளம் மட்டுமே.) இத்தகைய பிழை பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்டால், இரத்தம் ஏன் நுரையீரலுக்குப் போய்த் திரும்புகிறது என்பதே குழம்பிப்போகும். கடையில் வேறு பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே பிழைதான். தமனிக்கு நீலமும், உயிர்வளி மிகுந்த இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும், ஆனால் நீலமாக இருந்த நுரையீரல் சிரைகளுக்குச் சிவப்புமாக நானே பூசிக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் ரப்பர் தாள் கிழிந்தது. ரப்பர் கையுறையை வெட்டிக் கட்டியதும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. வண்ணத்தைத் திருத்தப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். பிள்ளை தானாகவே பார்த்துக் கற்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.