மூடி வாசிப்பதா, திறந்து வாசிப்பதா: அயர்லாந்துப் பைப்பின் இரு பாணிகள்

காற்றுப்பையோடு கூடிய குழல் வாத்தியமான அயர்லாந்தின் இலன் பைப்பை வாசிக்க இரண்டு பாணிகள் உண்டு. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எல்லாத் துளைகளையும் அடைத்து, ஒலியை நறுக்கித் தருவது மூடிய பாணி. ஒலி அறுபடாமல் ஸ்வரங்களை இழையவிடுவது திறந்த பாணி. எந்தப் பாணியில் பயிற்சியைத் தொடங்குவது என்பது, இந்த வாத்தியத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் கேள்வி.

முதலில் வாத்தியத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பைப்பில் ராகம் வாசிக்கும் குழலின் அடிவாய் எப்போதும் திறந்திருப்பதால், வாசிப்பின் நடுவே அதை நிறுத்த வழியில்லை. இலன் பைப்பை அமர்ந்து வாசிப்பார்கள்; காற்று முழங்கையால் இயக்கும் துருத்தியிலிருந்து வருகிறது. குழலின் அடிவாயைத் தொடைமேல் கட்டிய தோல்துண்டில் அழுத்தித் துளைகளையும் மூடிவிட்டால், உள்ளே இருக்கும் சீவாளி அதிர்வதை நிறுத்திவிடும். நாகசுரத்துக்கு ஒத்துப் பிடிப்பதுபோல், மூன்று சுருதிக் குழல்கள் மட்டும் தொடர்ந்து ஒலிக்கும். அந்தச் சுருதியின் மீது விழும் நொடிநேர மௌனமே மூடிய பாணியின் உயிர்.

அதன் உச்சம் பேட்ஸி டூஹி (1865–1923). கால்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, நாடக மேடைகளில் வாசித்த அவர், தம் வாசிப்பைத் தாமே மெழுகு உருளைகளில் பதிவுசெய்து விற்றார். தேய்ந்த ஒலிப்பதிவிலும் அவருடைய மும்மூன்று ஸ்வரக் கோவைகள் தனித்தனி மணிகளாகத் தெறிப்பது வியப்பூட்டுகிறது.

திறந்த பாணிக்கு ஜானி டோரனை முன்வைப்பார்கள். ஊர் ஊராகச் சென்று சந்தைகளிலும் குதிரைப் பந்தயத் திடல்களிலும் வாசித்த நாடோடிக் கலைஞர் அவர். 1947இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக அவர் வாசித்த பதிவுகளில் இசை வெள்ளமாகப் பாய்கிறது. திறந்தவெளிக் கூட்டத்தைக் கட்டிப்போடும் வேகம் அதில் இருக்கிறது. ஆனால் கவனித்துக் கேட்டால், அந்தப் பாய்ச்சலுக்கு நடுவே அவரும் வேண்டிய இடங்களில் குழலை மூடி, கோவைகளைக் கூர்மையாக வெட்டுகிறார். அவருடைய வேகத்தை மட்டும் பின்பற்றுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இதனாலேயே மூடிய பாணியில் தொடங்குவதே சரி என்று உறுதியாகக் கருதுகிறேன். இதற்கு நுட்பக் காரணமும் உண்டு: இரண்டாம் ஸ்தாயிக்குத் தாவுவதற்கு எந்தப் பாணிக்காரரும் குழலை ஒரு கணம் மூடி, பையின் அழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். மூடக் கற்ற விரல் பிறகு எளிதில் திறக்கும். திறந்தே பழகிய விரலை மூடப் பழக்குவது கடினம். திறந்த பாணி தாழ்ந்ததென்று சொல்லவில்லை; லியோ ரவ்ஸம் போன்ற மேதைகள் அதில் நிமிர்ந்த, கம்பீரமான இசையைத் தந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பாடலுக்குள் அளந்து கலப்பதற்கு ஷேமஸ் எனிஸின் (1919–1982) பதிவுகளைக் கேட்க வேண்டும். நீண்டு ஒலிக்க வேண்டிய ஸ்வரத்தை அவர் நறுக்குவதில்லை, நறுக்க வேண்டியதை நீளவிடுவதுமில்லை.