பெரிய பேட்டரியை விடுங்கள், சின்ன பேட்டரியைக் கேளுங்கள்

ஓசூர் நண்பர் ஒருவர், தன் பழைய ஹைபிரிட் காரை ஏதாவது முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். நான் அதைச் செய்து ஒரு வருடம் ஓடிவிட்டது. பேசினால் குரல் உயரும் என்பதால் எழுதுகிறேன். வண்டியின் பெயர் வேண்டாம். பெட்ரோல் எஞ்சின், கூடவே ஒரு மின்மோட்டார், அதற்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, வீட்டில் சார்ஜ் போடத் தேவையில்லாத பழைய வகை என்றால் அவருக்குப் புரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடாக்கிக்கொண்டு இறங்குவார்கள். இதில் காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்; கீழே போய்ச் சேரும்போது திரையில் பேட்டரிக் கட்டங்கள் பச்சையாக நிரம்பியிருக்கும். இனி இடமில்லை என்றானதும், கியரை 'B'யில் (வண்டியை நிறுத்தும் 'P' அல்ல) போட்டிருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். லாரி கவிழ்ந்து போக்குவரத்து நின்றுவிட்டால் (தொப்பூரில் அது அதிசயமில்லை) எஞ்சின் அணைந்து ஏ.சி. மட்டும் ஓடும். எல்லோரும் பெட்ரோலைப் புகையாக்கிக்கொண்டிருக்க நாம் சத்தமில்லாமல் நகர்வதில் ஓர் அற்பத் திருப்தி உண்டு, மறுக்க மாட்டேன்.

பிறகு ஏன் கொடுத்தேன்? விற்கப் போனால் வியாபாரி கேட்ட முதல் கேள்வி, "பெரிய பேட்டரி போனால் யார் சார் பார்ப்பது?" அவர் சொன்ன விலைக்கு ஒரு நல்ல மாடுகூட வராது. எல்லோருக்கும் பயம் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த 200 வோல்ட் பெட்டிமேல்தான். அது என்னிடம் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. சீட் ஓரத்தில் அதற்குக் காற்று இழுக்கும் சல்லடை ஒன்று இருக்கிறது. மாம்பழ சீசனில் அதன்மேல் பெட்டியை அடுக்காமல், தூசி தட்டி வைத்திருந்தாலே போதும்.

வில்லன் வேறு. டிக்கியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது எஞ்சினைச் சுழற்றுவதே இல்லை. அந்த வேலை பெரிய பேட்டரியுடையது. பட்டனை அழுத்தியதும் கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியின் இணைப்பைத் திறந்துவிடுவது மட்டுமே சின்னதின் வேலை. ஆனால் அது இறந்துவிட்டால் 200 வோல்ட் இருந்தும் பயனில்லை. குதிர் நிறைய நெல் இருக்க, சாவி மட்டும் மாமியார் இடுப்பில் தொங்குகிற குடும்பம்தான் இது.

என்னிடம் இருந்தவரை தினமும் ஓடியதால் தொல்லையில்லை. பென்னாகரம் பக்கம் ஓர் இல்லத்துக்குக் கொடுத்தேன். அங்கே வண்டி நாள்கணக்கில் வேப்பமரத்தடியில் நிற்கும். யாருக்காவது மூச்சுத்திணறினால்தான் கிளம்பும். நிற்கிற வண்டியிலும் சாவியைத் தேடும் மின்னணுக் காவலாளி விழித்திருந்து சின்ன பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருப்பான். போதாததற்கு ஓட்டுநர்ப் பையன் 'ரெடி' விளக்கு எரியாமலே உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பான். 'ரெடி' வந்தால்தான் சின்னதற்குச் சார்ஜ் ஏறும் என்று சாவி கொடுத்த அன்றே சொல்லியிருந்தேன். தலையாட்டினான்.

அப்புறம் ஆரம்பித்தன தொலைபேசி அழைப்புகள். "சார், கதவே திறக்கவில்லை." ரிமோட் சாவிக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது, பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளி இழுக்கச் சொன்னேன். கதவு திறந்தது, டிக்கி திறக்கவில்லை, அதற்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரியோ டிக்கிக்குள். பையன் பின் சீட்டை மடக்கி உள்ளே ஊர்ந்து போனான். முன்னால் பானெட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியில் வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்கவென்றே ஒரு முனை இருப்பதை நான் சொல்லி முடிப்பதற்குள், டிராக்டர் மெக்கானிக் வயரோடு வந்துவிட்டார். பிளஸ், மைனஸ் மாறினால் ஃபியூஸோடு போகாது, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித்தரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போகும் என்று நான் இங்கே கிருஷ்ணகிரியில் கடை வாசலில் நின்று கத்தியதை வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

புதுப் பேட்டரி வாங்குவதிலும் வம்பு. வண்டிக்குள்ளேயே இருப்பதால் பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயு வெளியே போகக் குழாய் பொருத்தும் வகைதான் வேண்டும். கடைக்காரர் சாதாரண பேட்டரியைக் காட்டி "இதுவும் 12 வோல்ட்தான்" என்றார். ஹைட்ரஜனுக்கு அந்த நியாயம் தெரியாது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லத்து நிர்வாகி, "ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கட்டுமே ஐயா, என்ன அவசரம்?" என்றார். நல்ல மனிதர், தவறான யோசனை. ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, காப்பீட்டு மாற்றம், எல்லாம் முடித்துத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள், ஒரு வண்டிக்கு ஒன்றுதான் என்பதால் உங்களுடையது உயிரோடு இருக்கும்வரை அவர்களுக்குப் புதிது கிடைக்காது. பதிவு 15 ஆண்டைத் தொட்டிருந்தால் புதுப்பிக்கக் கட்டணம் உண்டு. அதையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

வரிச் சலுகை? அமெரிக்காவில் என் மைத்துனர் பழைய காரைக் கொடுத்தபோது அவர்களே வந்து இழுத்துப் போய் ஏலம் விட்டு, விற்ற தொகைக்குச் சான்றிதழ் அனுப்பினார்கள். அங்கே 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால் பொதுவாக அந்த ஏலத் தொகைதான் உச்சவரம்பு. இங்கே 80ஜி என்று சொல்லிப் பழகிய நன்கொடை வரிக்கழிவு பணத்துக்குத்தான். பொருளாகக் கொடுத்தால் பைசா கழியாது. பணத்திலும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது, காசோலையாகக் கொடுக்க வேண்டும்.

ஆக என் தீர்ப்பு: வண்டி அருமை, இன்றும் இரண்டாவது கையில் கிடைத்தால் வாங்குவேன். தானம் மட்டும் செய்யாதீர்கள். வந்த விலைக்கு விற்று, காசோலையாக இல்லத்துக்குக் கொடுங்கள். அவர்கள் ஊரில் எந்தப் பட்டறையிலும் பிரிக்கத் தெரிந்த ஒரு சாதாரண வண்டியை வாங்கிக்கொள்ளட்டும். இதை நிர்வாகியிடமும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்பெலும்பு முறிந்த பாட்டியை இல்லத்திலிருந்து தர்மபுரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது குலுங்கவே இல்லையாம், பாட்டி வழியெல்லாம் "வண்டி கிளம்பிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம்.

சின்ன பேட்டரி போன வாரம் மறுபடி செத்தது. குழாய் வைத்த வகையையே, கூடவே வாரம் ஒரு இரவு மாட்டிவைக்க ஒரு சிறு சார்ஜரும் வாங்கச் சொல்லி, பில்லை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.