‘நேரடிப் பயணம், பதினொரு மணித்தியாலம்’ என்று சொல்லி 285,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

மட்டக்களப்பு நகரில் விமானச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் ஒரு முகவர் நிலையம், இலண்டனிலுள்ள தங்கச்சியிடம் போகவிருந்த எங்கள் அம்மாவை நேற்று அதிகாலை கட்டுநாயக்காவில் நடுத்தெருவில் விட்டது. போனது 285,000 ரூபாய். கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மாவுக்கு நீரிழிவு, முழங்கால் வலியும் உண்டு. ஆகவே, எவ்வளவு செலவானாலும் இடையில் இறங்காத விமானமே வேண்டும் என்று முதலிலேயே சொன்னோம். அங்கிருந்தவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, கொழும்பிலிருந்து இலண்டனுக்குக் கோடு இழுத்த வரைபடத்தைக் காட்டி, "தூரம் 8,700 கிலோமீற்றர், நேரடியாகப் பதினொரு மணித்தியாலம், அம்மா ஒரு தூக்கம் போட்டு எழும்ப இலண்டன் வந்திடும், யோசிக்காதீங்க அண்ணன்" என்றார். அவர் சொன்ன தூரமும் நேரமும் நேரடி விமானத்துக்குச் சரியானவைதாம். அந்த உண்மையைக் காட்டித்தான் வேறொரு சீட்டை எங்கள் தலையில் கட்டினார். தங்கச்சி அனுப்பிய காசும் அடகு வைத்த நகையின் காசுமாக 285,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம்.

சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தது பயணத்துக்கு முதல்நாள் மாலையில். புறப்பாடு அதிகாலை 3.10, இலண்டனில் இறங்குவது அன்று மாலை 5.40, நடுவே மும்பை. இரு நேரங்களும் அந்தந்த ஊர் மணிக்கூட்டின்படியே அச்சிடப்படும். குளிர்காலத்தில் இலண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், பதினான்கரை போலத் தோன்றும் அந்தப் பயணம் உண்மையில் இருபது மணித்தியாலம். உடனே தொலைபேசியில் கேட்டபோது, "எரிபொருள் நிரப்பத்தான் நிற்கும், அம்மா இருக்கையை விட்டே எழும்பத் தேவையில்லை" என்றார்.

மட்டக்களப்பிலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் வாகனத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், அவை தனித்தனியாகப் பதிவு செய்த இரண்டு சீட்டுகள் என்பது தெரியவந்தது. மும்பையில் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க இந்திய விசா வேண்டும் என்று கூறி அம்மாவை ஏற்ற மறுத்துவிட்டார்கள். மடியில் மருந்துப் பையுடன் சக்கர நாற்காலியில் இருந்த அம்மா, "மகன், நான் ஏதும் பிழையாகச் சொல்லிப்போட்டேனா?" என்று கேட்டார்.

அதன் பிறகு முகவர் நிலையத்தில் கிடைத்தவை சாட்டுகள் மட்டுமே. முதலில் முகாமையாளர் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு விமான நிறுவனத்திடம் கேட்கச் சொன்னார்கள். கடைசியில், "பயணம் செய்யாமல் விட்டது நீங்கள், காசு திரும்பாது" என்றார்கள். 285,000 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, அதில் ‘நேரடி’ என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறது. அதைக் காட்டியதும் தொலைபேசியைத் துண்டித்துவிட்டார்கள்.

சீட்டு எடுப்பவர்கள், முழுப் பயணமும் ஒரே முன்பதிவு இலக்கத்தில் இருக்கிறதா, பெட்டி கடைசி ஊர் வரை நேரே போகுமா என்பதை விமான நிறுவனத்திடமே கேளுங்கள். இரு ஊர் நேர வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சீட்டைக் கண்ணால் காணாமல் முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு நாளை காலை பற்றுச்சீட்டுப் பிரதியுடன் முறைப்பாடு கொடுக்கிறேன். இதே இடத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் பற்றுச்சீட்டுகளையும் எடுத்து வையுங்கள்.