அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்: மாடல் கூட்ஸ் வண்டி வாங்கி ஏமாந்த கதை

மாடல் ரயில் பித்து உள்ளவர்கள் படித்தால் போதும். மற்றவர்களுக்கு என் வீட்டில் கேட்ட அதே கேள்விதான் வரும்: "பொம்மைக்கா இவ்வளவு காசு?"

மொத்தம் ₹20,800. எட்டு பாக்ஸ்என் வேகன்கள் (நிலக்கரி ஏற்றும், கூரையில்லாத கூட்ஸ் வண்டி) கட்டி, பெயின்ட் அடித்து, எழுத்தும் போட்டுத் தர ஒன்றுக்கு 2,400. என்னிடம் இருந்த இரண்டு பழைய வேகன்களுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க தலா 800. விற்றவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை, அதனால் வேலையைப் பற்றியே சொல்கிறேன்.

நான் சேலத்துக்காரன். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் ரேக்கை, சைக்கிளை லெவல் கிராஸிங்கில் நிறுத்திவிட்டு எண்ணியவன். 58 வேகன், கடைசியில் பிரேக் வேன். அப்பா ரயில்வேயில் டி.எக்ஸ்.ஆர். வண்டி யார்டுக்குள் நுழையும்போதே தண்டவாள ஓரம் நின்று, அடியில் ஏதாவது தொங்குகிறதா, சக்கரம் தட்டுகிறதா என்று பார்க்கிற வேலை. வண்டியின் மேல்பக்கத்தை அவர் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு நானும் அவருமாக ஸ்டைரீன் ஷீட்டை வெட்டி ஒட்டி இரண்டு பாக்ஸ்என் கட்டினோம். அந்த இரண்டைத்தான் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். அப்பா இப்போது இல்லை. எனக்கும் கை லேசாக நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஏர்பிரஷ் பிடிக்க முடிவதில்லை.

விற்ற அந்தத் தம்பி போட்டிருந்த படங்கள் அப்படி இருந்தன. சாயங்கால வெயில், சற்றே மேலிருந்து பக்கவாட்டில் எடுத்தது, விளிம்புகளில் துரு, உள்ளே நிலக்கரித் தூசி. எல்லாம் ஒரே கோணம். ஒரு படத்தில்கூட வண்டியின் அடிப்பக்கம் இல்லை. டி.எக்ஸ்.ஆர். மகனுக்கு அது உறைக்கவே இல்லை.

முதலில் பாதிப் பணம் கேட்டார். ஒரு மாதம் கழித்து, "ரெசின் விலை ஏறிடுச்சு சார், மீதியும் போட்டுட்டீங்கன்னா ஒரே மூச்சுல முடிச்சிருவேன்" என்றார். போட்டேன். அப்புறம் மழை, பெயின்ட் காயவில்லை. பிறகு வண்டியை ரெசினில் அச்செடுக்கும் 3டி பிரின்டர் ரிப்பேர். பிறகு ஊரில் திருவிழா. ஐந்தாவது மாதம் பெட்டி வந்தது.

பிரித்ததும் முதல் வண்டியை எடுத்து என் மற்ற வேகன்களோடு தண்டவாளத்தில் வைத்தேன். பக்கத்தில் நின்ற வேகன்களோடு அளவு ஒத்துப்போகவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தேன். நிஜ பாக்ஸ்என், கப்ளரை (வண்டிகளை இணைக்கும் கொக்கி) சேர்க்காமல் 9.784 மீட்டர் நீளம். என் வண்டிகளின் மாடல் அளவான ஹெச்ஓ என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, சுமார் 112 மி.மீ. வர வேண்டும். இது 128. அதாவது பிரிட்டிஷ்காரர்கள் வைத்துக்கொள்ளும் ஓஓ, 76-ல் ஒரு பங்கு. இரண்டுமே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும், அதனால் தனியாகப் பார்த்தால் தெரியாது. எங்கிருந்தோ கிடைத்த ஃபைலை அளவு மாற்றாமல் அப்படியே அச்செடுத்திருக்கிறார். காசு அனுப்பும் முன், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

சுவர்கள் நடுவில் உள்வாங்கி, வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தன. மேலே கூரை இல்லாத வண்டி என்பதால் இது கண்ணை உறுத்தும். ரெசினைக் கழுவி, புற ஊதா வெளிச்சத்தில் முழுசாக இறுக வைத்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டிருக்கிறார். ஐந்து மாதம் கழித்தும் உள்பக்கம் பிசுபிசு. என் கட்டைவிரல் ரேகை பெயின்டில் பதிந்தது.

எழுத்துதான் உச்சம். பாக்ஸ்என் உடம்பு காவிச் சிவப்பு, எழுத்து வெள்ளை. வீட்டு இன்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. அதனால் உருப்படியாகச் செய்கிறவர்கள் வெள்ளை டோனர் இருக்கும் இடத்தில் கொடுத்து டீக்கால் என்ற மெல்லிய எழுத்துப் படலமாக அச்சடித்து வாங்குவார்கள். பளபள வார்னிஷ் ஒரு கோட் அடித்து, தண்ணீரில் நழுவவிட்டு ஒட்டி, மேலே மேட் வார்னிஷ் போடுவார்கள். இவர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? சாதா ஸ்டிக்கர் தாளில் காவி நிறப் பின்னணியை அச்சடித்து, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் வெறுமனே விட்டிருக்கிறார். அந்தக் காவி வேறு, வண்டியின் காவி வேறு. பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி, வண்டிக்கு நான்கு கட்டங்கள். ஓரத்தில் நகத்தை வைத்தேன், எழும்பி வந்தது.

எட்டு வண்டிக்கும் ஒரே எண். இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள், நம்மவர்களுக்குப் புரியும். வேகன் எண் 11 இலக்கம். முதல் இரண்டு வண்டி வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே (நம் தென்னகத்துக்கு 06), அப்புறம் செய்த வருடம், வரிசை எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். இரட்டைப்படை இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, அதோடு ஒற்றைப்படை இடத்தவற்றையும் கூட்டினால், அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த இலக்கம். கணக்குப்படி 7 வர வேண்டிய இடத்தில் 3 இருந்தது. சரி, இது பெரிய குற்றமில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிற நான்தான் பைத்தியம்.

கடைசியாகத்தான் திருப்பிப் பார்த்தேன். பாக்ஸ்என்னுக்கு உரிய காஸ்நப் போகி (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) என்று சொல்லியிருந்தார். இருந்தது ஏதோ பழைய அமெரிக்க வண்டியிலிருந்து கழற்றிய போகி. அதுகூடப் போகட்டும், பலரும் அப்படித்தான் சமாளிக்கிறோம். ஆனால் சக்கரங்களுக்கு இடையிலான உள்தூரம் 14.4 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு அச்சிலும் ஒவ்வொரு அளவு. பிரேக் சிலிண்டர், கம்பி, குழாய் எதுவுமே இல்லை, மொட்டைத் தட்டு. எடை 41 கிராம். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்குப்படி அடிப்படை ஒரு அவுன்ஸ், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ், அதாவது இந்த நீளத்துக்கு 100 கிராம் வர வேண்டும். எட்டையும் கோத்து இழுத்தேன். முதல் வளைவிலேயே மூன்று சரிந்தன.

போன் செய்தேன். "லேஅவுட்ல ஓட்டுறதுக்கா சார் வாங்குனீங்க? இது ஷோகேஸ் பீஸ்" என்றார்.

"தம்பி, என் பழைய வண்டி ரெண்டு?"

"அது ஒரு சின்ன பிராப்ளம் ஆயிடுச்சு சார். அனுப்பிட்டேன், பாருங்க."

பெட்டியின் அடியில் பபிள் ராப்பில் சுற்றி இருந்தது. எழுத்து இருக்கும் இடத்தை மாஸ்க் செய்துவிட்டு மற்றதை மட்டும் அடிக்கச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் அந்த எழுத்து அப்பா மெல்லிய பிரஷ்ஷால் கையால் எழுதியது. அந்தத் தம்பி பழைய பெயின்டை எடுக்கிறேன் என்று ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரில் இரண்டையும் முக்கியிருக்கிறார். ஸ்டைரீனை அது கரைத்துவிடும். ஐ.பி.ஏ. எனும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம், அதிலும் போகாவிட்டால் மேலேயே பிரைமர் அடிக்கலாம். இது தெரியாதவர் கையில் வேறு யார் வண்டியும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வேலைக்குக் கொடுக்கும் முன், பெயின்டை எதில் எடுப்பீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். திரும்பக் கிடைக்காத வண்டி என்றால், அப்போதும் கொடுக்காதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தேன். யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அளவு காட்டும் படங்கள் எல்லாம் கொடுத்தேன். நான் பெட்டி பிரித்ததை வீடியோ எடுக்கவில்லை, நீங்கள் எடுங்கள். மூன்று வாரம் கழித்து 7,000 திருப்பி அனுப்பினார், கூடவே "கஸ்டம் ஒர்க்குக்கு ரீஃபண்ட் கிடையாது, மனிதாபிமானத்துக்காக" என்று ஒரு செய்தி. ஐந்து லட்சம் வரையான தொகைக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, மீதிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். படங்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, அதே சாயங்கால வெயில், அதே கோணம்.

அப்பாவின் வண்டிகளுக்குப் பக்கச்சுவரும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் அடியில் பிரேக் கம்பிகளை அவர் செம்புக் கம்பியில் வளைத்து வைத்திருந்தார். மாடலில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொல்லியும் கேட்காமல் செய்தது. தின்னர் செம்பை ஒன்றும் செய்யவில்லை. உருகி இறுகிய பிளாஸ்டிக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வண்டியில் ஏழு தேறியது, இன்னொன்றில் ஐந்து.