டெல்லி குளிருக்குக் கையுறை புதிது, கோட் பழசு

நவம்பர் பிறந்தாலே டெல்லிக்குப் புதிதாக வந்த நம்ம ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி, நல்ல கம்பளிக் கையுறையும் அந்தக் காலத்துக் கனமான கோட்டும் எங்கே கிடைக்கும் என்பது. இரண்டையும் ஒரே இடத்தில் தேடாதீர்கள், கையுறையைப் புதிதாகவும் கோட்டைப் பழையதாகவும் வாங்குங்கள். பழைய கையுறை தேய்ந்திருப்பது உள்ளங்கையிலும் விரல் நுனியிலும், அங்கே இழை மெலிந்திருப்பது கடை வெளிச்சத்தில் தெரியாது, போட்ட ஒரு மாதத்தில் ஓட்டை விழும். கோட் அப்படியில்லை, காலரும் கை முனையும்தான் முதலில் போகும், பார்த்தாலே தெரியும், தையல்காரர் சரிசெய்தும் கொடுத்துவிடுவார்.

கையுறைக்கு என் ஓட்டு பாபா கரக் சிங் மார்க்கில் இருக்கும் ஹிமாச்சல் எம்போரியத்துக்கு, நம்ம பூம்புகார் இருக்கும் அதே வரிசைதான். ஹிமாச்சல் மலைப்பகுதியான லாஹௌலில் பெண்கள் பின்னும் கையுறையைக் கேட்டு வாங்குங்கள். பனி மூடிய மாதங்களில் அங்கே சாக்ஸும் கையுறையும் பின்னுவது பழைய வழக்கம், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. முதலில் கொஞ்சம் குத்தும், போடப் போட அடங்கிவிடும். விரல்கள் பிரியும் இடத்தில் சந்து இருக்கிறதா, மணிக்கட்டுப் பட்டையை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்குகிறதா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

காஷ்மீரி கேட் பக்கம் மொனாஸ்டரி மார்க்கெட்டில் இதைவிட மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் திபெத்தியர்கள் விற்பதாலேயே அவர்கள் வீட்டில் பின்னியது என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே வரும் ஸ்வெட்டர், கையுறையில் பெரும்பகுதி லூதியானா மில் சரக்கு, அதில் அக்ரிலிக் என்ற செயற்கை இழைக் கலப்பு நிறைய. சந்தேகம் இருந்தால் உள்பக்கம் தொங்கும் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள்: கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வந்து, விரலில் தேய்த்தால் தூளாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும். காலை ஏழு மணி மூடுபனியில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும், ஏனென்றால் கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் நனைந்த உணர்வு வராது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் கம்பளி தனியாகப் போதாது, காற்று ஊடுருவும். மேலே தளர்வான தோல் கையுறை, உள்ளே மெல்லிய கம்பளி. அமெரிக்க ராணுவம் பல ஆண்டுகள் பயன்படுத்தியதும் இதே ஏற்பாடுதான்.

சரி, கோட். சரோஜினி நகரில் ரகம் அதிகம், கூட்டமும் அதிகம், நிதானமாகப் புரட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ரகுபீர் நகர் பழைய துணிச் சந்தை விடியும் முன்பே தொடங்கிவிடும், வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்து வாங்கிய துணிகள் வந்து குவியும் இடம் அது, டெல்லிக் குடும்பங்களின் பீரோவில் கிடந்த அசல் ட்வீட் (தடித்த கம்பளித் துணி) கோட்டுகளுக்கு அதுவே நல்ல இடம் என்பேன். தூக்கம் கெடும், பரவாயில்லை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்துப்பூச்சி ஓட்டை பாருங்கள், அக்குளில் லைனிங் கிழிந்திருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள், ஜிப் உலோகமா என்று பாருங்கள். உள்ளே சிலுவை வைத்த உருண்டை முத்திரை இருந்தால் ஹாரிஸ் ட்வீட், ஸ்காட்லாந்தின் வெளித் தீவுகளில் நெசவாளர் வீட்டிலேயே நெய்தது; 1993இல் அதற்கென்று சட்டமே போட்டிருக்கிறார்கள். தோள் அளவு பொருந்தாவிட்டால் மட்டும் எவ்வளவு நல்ல துணியானாலும் விட்டுவிடுங்கள், தோளைப் பிரித்துத் தைக்கும் கூலி கோட் விலையைத் தாண்டிவிடும்.

கையுறையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது மூன்றாவது வழி. ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் கையுறை, பெரிதாகப் பின்னி வெந்நீரில் சுருக்கி இறுக்கியது, பனிமலைக்கு அபாரம். ஆனால் கட்டைவிரல் தவிர மற்ற விரல்கள் எல்லாம் ஒரே பையில் இருப்பதால் மெட்ரோ கார்டு எடுக்கக்கூடக் கழற்ற வேண்டும். ஸ்பிதி, கேதார்கந்தா என்று குளிர்கால மலையேற்றம் போகிறவர்கள் வாங்கலாம், கரோல் பாக் போய்வர லாஹௌல் கையுறையே போதும்.