முக்கூடல் பி.எஃப். உதவி மையம்: ஓராண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

என் அம்மை 26 ஆண்டுகள் பீடி சுற்றியவர். கூலியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் செய்துவந்த கம்பெனி, 3 ஆண்டுத் தொகையைக் கட்டவே இல்லை என்பது கணக்கை முடிக்கப் போனபோதுதான் தெரிந்தது. திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் ஓய்வுபெற்ற தொழிற்சங்கத்தார் இருவர் நடத்தும் உதவி மையத்திற்கு அதற்காகவே ஓராண்டாகச் சென்று வருகிறோம்.

பீடி கட்டும் நூலாலேயே அம்மை கட்டி வைத்திருந்த கூலிச் சீட்டுகளை, முதல் நாளே அவ்விருவரில் பெரியவர் பெஞ்சில் மாதவாரியாகப் பரப்பி, பிடித்தம் இருந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தார். "தூரப் போடாம வச்சிருந்தியே தாயி, இதுதான் சாட்சி" என்றார். வீட்டில் சுற்றியவர்கள் தங்கள் தொழிலாளர்களே அல்லர் என்று கம்பெனி வாதாடியபோது, பீடித் தொழில் 1977-லேயே பி.எஃப். சட்டத்தின்கீழ் வந்ததையும், வீட்டிலிருந்து சுற்றுவோருக்கும் அது பொருந்தும் என 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் எடுத்துக்காட்டி மனு எழுதிக் கொடுத்தவர்களும் இவர்களே.

கம்பெனி கட்ட வேண்டிய நிலுவையை நிர்ணயிக்க 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின் 7ஏ பிரிவில் நடக்கும் விசாரணையில், ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அதிகாரிக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. நிலுவைக்கு 12 விழுக்காடு வட்டியும் உண்டு. ஆனால் விசாரணையை எப்போது முடிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எங்கள் விசாரணை 9 முறை தள்ளிவைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 125-ஆம் பிரிவுதான், 2 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது.

இந்த மையத்தை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதற்குப் பின் அவர்கள் செய்த வேலை. அம்மையின் குறையை விசாரணை அதிகாரிக்குத் தனி மனுவாக எழுதினார்கள். தாமதத்தைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினருக்கு வேறொரு கடிதம் எழுதினார்கள். தொழிலாளர் துறையைக் கண்காணிக்கும் 31 உறுப்பினர் நாடாளுமன்ற நிலைக்குழு அன்றாட நிர்வாகத்தில் தலையிடாது, ஆகவே ஒருவருடைய நிலுவையை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை என்று பொறுமையாக விளக்கிவிட்டு, 2 ஆண்டைத் தாண்டிய விசாரணைகள் எத்தனை, நிர்ணயித்த தொகையில் வசூலானது எவ்வளவு என்று குழு கேட்கக்கூடிய கேள்விகளாக அந்தக் கடிதத்தை வடித்தார்கள். குழு பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை 3 மாதத்திற்குள் அரசு தெரிவிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மனுவை நகலெடுத்து அனுப்பும் இடங்களில் அலைந்து சலித்த எனக்கு, எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்ற இந்தத் தெளிவு பெரிதாகப்பட்டது.

குறைகளும் உண்டு. புதன், ஞாயிறு பிற்பகல்களில் மட்டுமே திறக்கிறார்கள். ஜெராக்ஸ் எடுக்கப் பேருந்து நிலையம்வரை நடக்க வேண்டும். நிலைக்குழு அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருவதால் வாயால் விளக்குகிறார்கள். அதையே தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினால் காத்திருக்கும் பெண்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

மனுவுக்கு 50 ரூபாய் வாங்குகிறார்கள். கூலிச் சீட்டு, பாஸ் புத்தகம், ஆதார், பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஆகியவற்றுடன் 3 மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலங்குளம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து வாசல்வரை அமர்ந்திருக்கிறார்கள்.