மின்னஞ்சலா, வாட்ஸ்அப்பா, குரல் அழைப்பா?

கல்லூரி நாட்களில் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைதோறும் ஐந்து பேர் கூடி விளையாடினோம். பலகை விளையாட்டுகள், பகடை, பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டங்கள் என்று இரவு பத்து வரை போகும். இன்று எங்களில் ஒருவர் ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் இருக்கிறார். தோழி ஒருத்தி செவிலியர், அவளுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இன்னொருவன் குடியாத்தத்தில் லுங்கித் தறிகளின் கணக்கைப் பார்க்கிறான், மற்றொருவன் மஸ்கட்டில் இருக்கிறான். நான் காட்பாடியில். மாடி அங்கேயேதான் இருக்கிறது, ஐந்து பேரும் அதில் ஏறும் நாள்தான் வருவதில்லை.

ஆட்டத்தை விட மனமில்லாமல் மூன்று வழிகளையும் முயன்று பார்த்தோம்: குரல் அழைப்பு, வாட்ஸ்அப் குழு, மின்னஞ்சல். எங்களைப் போலச் சிதறியவர்கள் பலர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதைப் பழைய காலத்து வழி என்று ஒதுக்குவது சரியல்ல என்பதே என் கட்சி.

குரல் அழைப்பில் மாடியின் சாயல் கொஞ்சம் கிடைக்கும். சிரிப்பு கேட்கும், பகடை உருளும் ஓசை கேட்கும். சண்டைக் காட்சிக்கு இதற்கு ஈடு இல்லை. பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தபோதே அது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கான ஆட்டம். ஒருவர் வீசிய வாளின் விளைவைப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் முடிவெடுக்க முடியும். நான்கு பேர் நான்கு சுற்றுச் சண்டை போட்டால் குரலில் ஒரு மணி நேரம் ஆகும். மின்னஞ்சலில் ஆளுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் அதே சண்டைக்குப் பதினாறு நாள், அதற்கு மேல் கதை நடத்துபவரின் பதில்கள் வேறு. அதற்குள் கத்தியைத் தூக்கியவனுக்கே எதற்குத் தூக்கினோம் என்பது மறந்துவிடும்.

ஆனால் குரலுக்கு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வர வேண்டும். மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, நம் ஞாயிறு அவனுக்கு வேலை நாள். தோழிக்கு இரவுப் பணி என்றால் பகலெல்லாம் தூக்கம். ஓர் ஆண்டு முழுக்க முயன்றும் நாங்கள் கூடியது ஏழு முறை. அந்த ஏழும் அருமையாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம், போன முறை கதை எங்கே நின்றது என்று நினைவுபடுத்திக்கொள்வதிலேயே போனது.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் மாறி மாறிக் காய் நகர்த்தும் ஆட்டத்துக்கு அது போதும். ஆடு புலி ஆட்டத்தின் மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் ஒரு வரிச் செய்திகளே போதும், கோடுகள் சந்திக்கும் புள்ளிகளுக்கு எண் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஐந்து பேர் கதைக்கு அது ஒத்துவரவில்லை. கையில் போன் இருப்பவர்கள் கதையை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். பணி முடிந்து வந்த தோழி இருநூறு செய்திகளைப் படித்துவிட்டு, “நான் பேசுவதற்குள் நீங்களே கோட்டையைப் பிடித்துவிட்டீர்கள்” என்று எழுதினாள். அந்த வரியைப் படித்த அன்றுதான் மின்னஞ்சலுக்கு மாறுவது என்று முடிவு செய்தேன்.

தூரத்திலிருந்து ஆடுவது புதிதல்ல. 1824இல் லண்டன், எடின்பரோ நகரச் சதுரங்கக் கழகங்கள் அஞ்சல் வழியாக ஆடத் தொடங்கிய போட்டி 1828இல் முடிந்தது, வென்றது எடின்பரோ. ‘டிப்ளோமசி’ என்ற பலகை விளையாட்டு 1959இல் வெளிவந்தது. 1963இலேயே ஜான் போர்ட்மன் என்ற அமெரிக்கர் அதை அஞ்சலில் நடத்தத் தொடங்கிவிட்டார். 1970இல் ரிக் லூமிஸ் என்ற இன்னோர் அமெரிக்கர் அஞ்சல் விளையாட்டையே தொழிலாக்கினார். இவற்றில் நாம் பாடம் கற்க வேண்டியது டிப்ளோமசியிடம்.

டிப்ளோமசி அஞ்சலில் அவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஏழு வல்லரசுகள், ஐரோப்பிய வரைபடம், 1901இல் தொடக்கம். பகடையே கிடையாது. எல்லோரும் கட்டளைகளை ரகசியமாக எழுதிக் கொடுக்க, அத்தனையும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. நாங்கள் ராணிப்பேட்டையிலிருந்தும் ஆரணியிலிருந்தும் மூன்று பேரைச் சேர்த்து ஏழு பேர் ஆடினோம், எட்டாமவர் நடுவர். நான் ரஷ்யா, ஆம்பூர் அண்ணன் ஆஸ்திரியா, எங்கள் இருவருக்கும் இடையில் கலீசியா. “தம்பி, கலீசியாவில் நான் கால் வைக்கமாட்டேன். நீ தெற்கே துருக்கியைப் பார்த்துக்கொள்” என்று நீண்ட மடல் எழுதினார். வசந்த காலக் கட்டளைகள் திறந்தபோது அவர் படை கலீசியாவில் நின்றது. இலையுதிர் காலத்தில் என் நகரமான வார்சா போய்விட்டது. அந்த மடலை இன்னும் வைத்திருக்கிறேன். குரலில் சொல்லியிருந்தால் அவர் குரலின் தயக்கம் காட்டிக்கொடுத்திருக்கும். நிதானமாக எழுதப்பட்ட பொய்யை உடைப்பது தனிக் கலை, அதை மின்னஞ்சல்தான் எனக்குப் பழக்கியது.

ஆகவே ஒரு விளையாட்டை எந்த வழியில் ஆடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு சுற்று முடிய எத்தனை முறை ஒருவர் பதிலுக்கு இன்னொருவர் காத்திருக்க வேண்டும்? ஒரு முறை என்றால் மின்னஞ்சல். பத்து முறை என்றால் குரல், அல்லது நேரில். எதிராளி சீட்டு இறக்கும்போது குறுக்கிட்டு மறுசீட்டு போடும் ஆட்டங்களை மின்னஞ்சலில் தொடவே வேண்டாம்.

பகடை பற்றிய சந்தேகம் எல்லோருக்கும் வரும். எதிரில் இல்லாதவர் போட்ட எண்ணை எப்படி நம்புவது? நாங்கள் சென்செக்ஸைப் பகடையாக்கினோம். மாலை மூன்றரைக்குச் சந்தை முடியும் முன் செயலை எழுதி அனுப்பிவிட வேண்டும். முடிவுப் புள்ளியில் தசமத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களே விழுந்த எண். இருபது பக்கப் பகடைக்கு அது சரியாக வகுபடும். ஆறு பக்கப் பகடைக்கு வகுபடாது, அதனால் 96 முதல் 99 வரை வந்தால் அதைத் தள்ளிவிட்டு நிஃப்டியைப் பார்ப்போம். சனி, ஞாயிறு சந்தை இல்லை என்பது மட்டுமே குறை. யாரும் யாரையும் சந்தேகிக்க இடமில்லாத அந்த ஏற்பாடு எங்கள் நட்புக்குச் செய்த உதவி பெரிது.

பலகையும் வில்லைகளும் நிறைந்த போர் விளையாட்டுகளுக்கு வாஸல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நகர்வுகளைக் கோப்பாகப் பதிவு செய்து மடலில் இணைத்தால், எதிராளி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கலாம். பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்த வில்லை எந்தக் கட்டத்தில் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்த தொல்லை அதோடு தீர்ந்தது.

பாத்திரமேற்று ஆடும் கதைகளில்தான் மின்னஞ்சல் என்னை முழுவதுமாக வென்றது. இப்போது நான் நடத்தும் கதை 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்திருக்கும் நேரம். கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருக்கிறார்கள். குடியாத்தம் நண்பன் சிப்பாய், தோழி அரண்மனைப் பணிப்பெண், ஆம்பூர் அண்ணன் ஆரணித் துணி வியாபாரி, மஸ்கட் நண்பன் ஆற்காட்டுக்குத் தகவல் கொண்டுபோகும் குதிரைக்காரன். ஒவ்வொருவருக்கும் தனி மடல் போகிறது. வியாபாரிக்குத் தெரிந்தது சிப்பாய்க்குத் தெரியாது. குரலில் இதைச் செய்ய ஒருவரை வெளியே போகச் சொல்ல வேண்டும்.

அவகாசம் இருப்பதால் எழுத்தும் ஆழமாகிறது. இரவுப் பணி முடிந்த விடியலில் தோழி எழுதிய மடல் ஒன்றில் பணிப்பெண் அகழி ஓரம் நின்று, விளக்கு எரியாத ஜன்னல்களை எண்ணுகிறாள். நான் திட்டமிட்டிருந்த எதையும் விட அது நன்றாக இருந்தது, கதையையே அந்த ஜன்னல்களின் பக்கம் திருப்பிவிட்டேன். மஸ்கட் நண்பன் விடுமுறையில் வந்தபோது, கோட்டையிலிருந்து ஆற்காடு வரை சுமார் 25 கிலோமீட்டரையும் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, குதிரை எங்கே தண்ணீர் குடிக்கும் என்று கேட்டு எழுதினான். குரல் அழைப்பின் ஒரு மணி நேரத்தில் இப்படியொரு கேள்வி பிறக்காது.

இந்த வழிக்கு உள்ள ஆபத்து ஒன்றுதான்: மௌனம். ஒருவர் பதில் எழுதாமல் விட்டால் சண்டையே இல்லாமல் ஆட்டம் செத்துப்போகும். முதல் இரண்டு கதைகளை அப்படித்தான் இழந்தோம். இப்போது கெடு உறுதியானது, புதன் இரவு பத்து மணி. மடல் வராதவரின் பாத்திரத்தை நான் பாதுகாப்பாக நகர்த்திவிடுவேன், யார் உயிரும் அதனால் போகாது. ‘கதவு பூட்டியிருந்தால் படிக்கட்டு, காவலர் இருந்தால் திரும்பி வருகிறேன்’ என்று முன்கூட்டியே கிளை போட்டு எழுதச் சொல்கிறேன். மூன்று மடல்களின் வேலையை அது ஒன்றே முடிக்கிறது. ஜிமெயிலில் நூறு மடல்களைத் தாண்டினால் உரையாடல் உடைந்துவிடும், ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் புதுத் தலைப்பு. சண்டை வந்தால் மட்டும் குரல் அழைப்பில் ஒரு மணி நேரம் கூடி முடித்துவிட்டு, மறுபடி மடலுக்குத் திரும்பிவிடுகிறோம்.

எங்கள் ஆட்டத்தில் இப்போது விடியற்காலை நான்கு மணி. கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிட்டது. பணிப்பெண் எழுதிவிட்டாள், சிப்பாயும் எழுதிவிட்டான், வியாபாரி இருட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். குதிரைக்காரன் ஆற்காடு போகிறானா, பாலாற்றங்கரையில் திரும்பிவிடுகிறானா என்று மஸ்கட்டிலிருந்து இன்னும் மடல் வரவில்லை. புதனுக்கு இரண்டு நாள் இருக்கிறது.